அம்மா வெச்ச செம்பருத்தியும் ஒரு கடுகளவு குளவியும்

ரொம்ப நாளா எழுதணும்னு நினைச்சுத் தள்ளிப்போட்ட பதிவு இது. வாலாஜாபாத்துல எங்க வீட்டு வாசல்ல அம்மா வெச்ச செம்பருத்தி ஒண்ணு இருந்துச்சு. தினமும் சாமி படத்துக்குப் பூ அதுலேர்ந்துதான்.

2009 கடைசியில அதோட கொழுந்தெல்லாம் சுருண்டுக்கிச்சு. இலைக்கு அடியில வெள்ளை வெள்ளையா ஏதோ அப்பியிருந்தது. தண்டு முழுக்க எறும்பு. "பேன் புடிச்சிருக்குடா"ன்னாங்க அம்மா. நானும் அசுவினின்னு முடிவு பண்ணி, மருந்துக்கடையில கேட்டு வாங்கிட்டு வந்து அடிச்சேன். நாலு நாள் குறையும், மறுபடியும் வரும். இப்படி மூணு தடவை. 2010 செப்டம்பர்ல, நைட் ஷிப்டு முடிச்சு வந்த எரிச்சல்ல, செடியை வெட்டிக் கொளுத்திட்டேன். அம்மா திட்டல. மறுநாள் கடையில பூ வாங்கிட்டு வரச் சொன்னாங்க, அவ்வளவுதான்.

அது அசுவினியே இல்லைங்கிறது அப்புறம்தான் தெரிஞ்சது. ரெண்டும் சாறு உறிஞ்சும், ரெண்டும் தேன் மாதிரி பிசுபிசுப்பைக் கழிக்கும், ரெண்டுக்கும் எறும்பு காவல் நிக்கும். அதான் குழப்பம். அசுவினி பச்சையாவோ கறுப்பாவோ பேரிக்காய் வடிவத்துல இருக்கும். லென்ஸ் வெச்சுப் பார்த்தா பின்பக்கம் ரெண்டு குட்டிக் குழாய் தெரியும். மாவுப்பூச்சி உடம்பு முழுக்க மாவு பூசின மாதிரி மெழுகு. முட்டையையும் பஞ்சு மாதிரி மூடி வெச்சிருக்கும். மருந்து பூச்சி மேல படாம வழுக்கிட்டுப் போறது அதனாலதான்.

எங்க வீட்டுக்கு வந்தது பப்பாளி மாவுப்பூச்சி. சொந்த ஊர் மெக்சிகோ, மத்திய அமெரிக்கா பக்கம். இந்தியாவுல முதல்ல கண்ணுல பட்டது 2008ல, கோயம்புத்தூர்ல. ரெண்டே வருஷத்துல பப்பாளி, மரவள்ளி, மல்பெரி, பருத்தின்னு தமிழ்நாட்டையே ஆட்டி வெச்சிடுச்சு. கொங்குப் பக்கம் மல்பெரித் தோட்டத்தையே பிடுங்கிப் போட்டவங்க இருக்காங்க. பார்த்தீனியத்துல கூட பிழைச்சுக்கும்னா பாருங்களேன்!

அதோட சொந்த ஊர்ல அது ஏன் இப்படி ஆடலை? அங்க அதுக்கு எதிரிங்க இருந்தாங்க. இங்க பூச்சி மட்டும் வந்துச்சு, எதிரி வரல. 2010ல பெங்களூர்ல இருக்கிற வேளாண் பூச்சிகளுக்கான தேசிய ஆய்வு மையம் போர்ட்டோ ரிக்கோவுலேர்ந்து மூணு வகை ஒட்டுண்ணிக் குளவிகளை வரவழைச்சது. அதுல கலக்கினது அசெரோஃபேகஸ் பப்பாயே. கடுகை விடச் சின்னது, நம்மளைக் கொட்டாது. மாவுப்பூச்சிக்குள்ள முட்டை வைக்கும், குஞ்சு அதை உள்ளேயிருந்தே தின்னு தீர்த்துடும். அக்டோபர்லேர்ந்து தமிழ்நாட்டுத் தோட்டங்கள்ல விட ஆரம்பிச்சாங்க. அடுத்த வருஷமே பல இடத்துல பூச்சி அடங்கிடுச்சு.

அக்டோபர்! நான் செடியை வெட்டினது செப்டம்பர்ல :-(

மாவுப்பூச்சியைக் கள்ளிப்பூச்சின்னும் சொல்றாங்க. அந்தப் பேரைக் கேட்டா எனக்கு சைதாப்பேட்டைதான் ஞாபகம் வரும். ஜேம்ஸ் ஆண்டர்சன்னு ஒரு மருத்துவர் 1780கள்ல அங்க சப்பாத்திக்கள்ளித் தோட்டமே போட்டார். கள்ளியில வளர்ற கொச்சினீல் பூச்சியிலேர்ந்து சிவப்புச் சாயம் எடுக்கிற கனவு. ஆனா 1795ல பிரேசில்லேர்ந்து இந்தியா வந்து சேர்ந்தது மட்டமான ரகம். சாயம் தேறல, கள்ளியைத்தான் தின்னு தீர்த்தது. அப்புறம் 19ஆம் நூற்றாண்டுல கள்ளியை ஒழிக்கணும்னே அதைத் தென்னிந்தியாவுல பரப்பினாங்க. களையைப் பூச்சி விட்டு அழிச்சதுல உலகத்துலேயே முன்னோடி நம்ம நாடுதான். இதுவும் மாவுப்பூச்சிக்குச் சொந்தக்காரன்தான். தூரத்துச் சொந்தக்காரப் பசங்க, ஒருத்தன் வில்லன், ஒருத்தன் ஹீரோ.

சரி, உங்க தொட்டிச் செடியில வந்தா? முதல்ல இலையைத் திருப்பிப் பாருங்க. அசுவினின்னா ரெண்டு மூணு நாள் தண்ணியைப் பீய்ச்சி அடிச்சாலே பாதி போயிடும். மாவுப்பூச்சின்னா ரொம்ப அப்பின கிளையை நறுக்கி எடுத்துட்டு, லிட்டருக்கு 5 மில்லி வேப்பெண்ணெயும் கொஞ்சம் சோப்புக் கரைசலும் கலந்து, சாயந்திரமா இலைக்கு அடியில படற மாதிரி அடிங்க. எறும்பை ஏற விடாதீங்க, அது இருந்தா பொறிவண்டை அண்ட விடாது. மாவுப்பூச்சிக்கு நடுவுல பழுப்பா உப்பி, ஓட்டை விழுந்து கிடக்கிற கூடு தெரிஞ்சா மருந்தைத் தொடவே தொடாதீங்க. குளவி வந்து வேலை பார்த்துட்டுப் போயிருக்குன்னு அர்த்தம். நான் மூணு தடவை அடிச்ச விஷத்துல எத்தனை பொறிவண்டு செத்துச்சோ...

2011ல பக்கத்து வீட்டுச் செம்பருத்தி, யாரும் எதுவும் பண்ணாமலே தளதளன்னு துளிர்த்தது. அதுலேர்ந்து ஒரு குச்சி வாங்கி அம்மாவே நட்டாங்க. "இதை நீ தொடாதே"ன்னு மட்டும் சொன்னாங்க. இன்னி வரைக்கும் தொடல :-)