11 வரி நிரலும் ஒரு பெயர்ச் சண்டையும்

இணையத்தளம் செய்யப் பழகத் தொடங்கிற ஆக்களுக்கு முதல் நாளே ‘என்பிஎம் இன்ஸ்டால்’ எண்டு தட்டச் சொல்லிக் குடுப்பினம். தட்டினால் ‘நோட் மொடியூல்ஸ்’ எண்ட கோப்புறைக்குள்ள நூற்றுக்கணக்கான பொதிகள் வந்து இறங்கும். இதெல்லாம் யார் எழுதினது, எழுதினவர் திருப்பி எடுத்தால் என்ன நடக்கும் எண்டு நாங்கள் யோசிக்கிறதில்லை. 2016 மார்ச்சில் அந்தக் கேள்விக்கு உலகமே முகம் கொடுத்தது.

முதலில் கொஞ்சம் பின்னணி. 2006இல் வந்த ஜேகுவெரி மாதிரி ஒன்றைப் பாவிக்க வேணுமெண்டால், அந்தக் கோப்பைத் தேடித் தரவிறக்கி நாங்களே எங்கட கோப்புறைக்குள் போடவேணும். அது இன்னொன்றில் தங்கியிருந்தால் அதையும் தேடவேணும். பேர்ள் மொழிக்காரரிடம் 1995இலேயே சீபான் எண்ட பொதுக் களஞ்சியம் இருந்தது. ஜாவாஸ்கிரிப்டுக்கோ, 2009இல் ரயன் டால் நோட்.ஜேஎஸ்ஸை வெளியிட்ட பிறகு, 2010இல் ஐசக் ஷ்லூட்டர் எழுதிய என்பிஎம் மூலம்தான் அந்த வசதி பரவலானது. தேவையான பொதிகளின் பெயரை ‘பேக்கேஜ்.ஜேசன்’ கோப்பில் எழுதிவிட்டால் போதும். அவை தங்கியிருக்கிற பொதிகளையும் சேர்த்து என்பிஎம்மே கொண்டுவரும்.

இந்த வசதியால் சின்னச் சின்ன வேலைக்கும் தனிப் பொதி எழுதுற பழக்கம் வளர்ந்தது. அப்படி ஒன்றுதான் ‘லெஃப்ட் பேட்’. ஒரு சொல்லின் இடப்பக்கத்தை வெற்றிடத்தாலோ பூச்சியத்தாலோ நிரப்புற வெறும் 11 வரி. எழுதியவர் அஸெர் கோச்சுலு.

அவரிடம் ‘கிக்’ எண்ட பெயரில் இன்னொரு பொதி இருந்தது. அதே பெயருள்ள குறுஞ்செய்தி நிறுவனம் அந்தப் பெயரைக் கேட்டது. அவர் மறுத்தார். என்பிஎம்மை நடத்திய நிறுவனம் பெயரை எடுத்து மற்றவர்களுக்குக் கொடுத்தது. கோச்சுலு மார்ச் 22 அன்று தன்ர பொதிகள் அத்தனையையும், 250க்கு மேல், களஞ்சியத்தில இருந்து நீக்கினார். பேபல் போன்ற பெரிய கருவிகள் சுற்றிவளைச்சு அந்த 11 வரியில்தான் தங்கியிருந்தன. உலகம் முழுக்க இன்ஸ்டால் கட்டளைகள் தோற்றன. இரண்டரை மணித்தியாலமளவில் என்பிஎம் தானே அந்தப் பொதியைத் திரும்ப ஏற்றியது. அதன் திறந்த உரிமம் அதற்கு இடம் கொடுத்தது.

சில நாட்களில் விதி மாறியது: வெளியிட்டு 24 மணித்தியாலம் கடந்த பொதியை எழுதியவரே நினைச்சபடி நீக்க முடியாது எண்டு 2016இல் விதித்தார்கள். பாவிக்கிறவர்களுக்கு இது நியாயம்தான். ஆனால் சம்பளமில்லாமல் எழுதியவரின் உரிமை சுருங்கினதையும், சண்டை தொடங்கின பெயர் விசயத்தில் நிறுவனத்தின் பக்கமே வெண்டதையும் நாங்கள் மறக்கக்கூடாது. 2020இல் என்பிஎம்மையே மைக்ரோசொப்டின் கிட்ஹப் வாங்கியது. எல்லாரும் இலவசமாக நிரப்பின களஞ்சியத்துக்கு இப்ப ஒரு சொந்தக்காரர் இருக்கிறார்.

அதனால் புதுசாகத் தொடங்கிறவர்களுக்கு இரண்டு விசயம். ‘என்பிஎம் எல்எஸ் --ஓல்’ எண்டு தட்டினால் நீங்கள் கேட்டது எத்தனை, கேளாமல் வந்தது எத்தனை எண்டு தெரியும். 2017இல் இருந்து என்பிஎம் தானாக எழுதுற ‘பேக்கேஜ்-லொக்.ஜேசன்’ கோப்பை அழிக்காதீங்கோ, எந்தப் பதிப்பு வந்தது எண்ட பதிவு அதில்தான் இருக்கு. ஐந்து வரியில் நாங்களே எழுதக்கூடியதுக்குப் பொதி தேடாமல் விட்டாலே, முன்பின் தெரியாத ஒராளின் தோளில் ஒரு சுமை குறையும்.