சக்கரமும் சொட்டு மருந்தும்

வெள்ளிக்கிழமைதோறும் நாம் கூடுகிறோம். பாங்கொலி கேட்டதும் கடையடைத்து, கணக்கேட்டை மூடிவைத்து, உளூச் செய்து, பள்ளிவாசலில் தோளோடு தோள் சேர்ந்து அணிவகுத்து நிற்கிறோம். வாரம் ஒருமுறை கூடும் வழக்கம் நமக்குப் பதினான்கு நூற்றாண்டு கால மரபு. ஆனால், தொழுது கலைந்த பின் அக்கூட்டத்தால் நம் தெருவுக்கும் ஊருக்கும் விளைந்த நன்மை யாது என்னும் வினாவை நாம் நமக்குள் எழுப்பிக் கொள்வது அருகி வருகிறது. அவ்வினாவை நெஞ்சில் நிறுத்தி, வாரந்தோறும் கூடுவதையே தம் முதல் விதியாக வைத்துக்கொண்ட மற்றொரு கூட்டத்தாரின் வரலாற்றை ஈண்டு நோக்குவோம். வணக்கத்தையும் மன்றக் கூட்டத்தையும் ஒரு தட்டில் வைத்து நிறுப்பது நம் நோக்கமன்று. நல்லது எங்கிருப்பினும் அதை அறிந்துகொள்வது நம் கடமை என்பதனாலேயே எழுதுகிறோம்.

அக்கூட்டத்தார் ரோட்டரி சங்கத்தார்.

நால்வர் கூடிய மாலை

1905 பிப்ரவரி 23, வியாழக்கிழமை. அமெரிக்க நாட்டின் சிக்காகோ நகரில், யூனிட்டி கட்டடத்தின் 711-ஆம் எண் அறையில் நால்வர் கூடினர். ஒருவர் பால் ஹாரிஸ் என்னும் வழக்கறிஞர். மற்றவர்கள் சுரங்கப் பொறியாளர் கஸ்டவஸ் லோர், நிலக்கரி வணிகர் சில்வஸ்டர் ஷீலி, தையற்கலை வணிகர் ஹைரம் ஷோரி. பால் ஹாரிஸ் வெர்மான்ட் மாநிலத்துச் சிற்றூர் ஒன்றில் பாட்டனார் வீட்டில் வளர்ந்தவர். பெருநகருக்குப் பிழைக்க வந்த அவரை வாட்டியது வறுமையன்று, தனிமையே. ஊரில் ஒருவரையொருவர் பெயர் சொல்லி அழைத்து வாழ்ந்தது போல் நகரிலும் வாழ வழியுண்டா என்னும் ஏக்கத்தின் விளைவே அச்சந்திப்பு.

ஒருவர் அலுவலகத்தில் இவ்வாரம், மற்றவர் அலுவலகத்தில் அடுத்த வாரம் என்று கூட்டம் சுழன்று வந்தமையால் ‘ரோட்டரி’ என்னும் பெயர் அமைந்தது. சுழற்சிக்கு அடையாளமாக வண்டிச் சக்கரமே சின்னமாயிற்று. ஒரு தொழிலுக்கு ஓர் உறுப்பினர் என்பது விதி. ஒரே தொழிலார் இருவர் இருப்பின் போட்டி முளைக்கும், போட்டி முளைத்தால் நட்பு வாடும் என்று அவர்கள் கருதினர்.

ஆனால் ஒன்றை மறைக்காமற் சொல்ல வேண்டும். தொடக்கத்தில் அச்சங்கம் தொண்டுச் சங்கமாக இருக்கவில்லை. நீ என் கடையில் வாங்கு, நான் உன் கடையில் வாங்குகிறேன் என்பதே அதன் அடிப்படை. யார் யாருக்கு எவ்வளவு வணிகம் கொடுத்தார் என்று குறித்துவைக்க ஒருவர் அமர்த்தப்பட்டிருந்தார் என்றால் மற்றவை சொல்ல வேண்டுவதில்லை!

ஒரு மறுப்பால் வந்த திருப்பம்

1906-இல் டொனால்டு கார்ட்டர் என்னும் வழக்கறிஞரை உறுப்பினராகச் சேர அழைத்தனர். அவர் மறுத்தார். தன் உறுப்பினர்க்கு மட்டும் ஆதாயம் தேடும் சங்கத்துக்கு நெடிய வாழ்வில்லை என்றும், ஊருக்குப் பயன்படும் காரியம் ஒன்றேனும் அதற்கு வேண்டும் என்றும் எடுத்துரைத்தார். சினந்து விலகாமல், ‘நீரே வந்து அவ்வழியைக் காட்டும்’ என்று அவரை உள்ளே அழைத்தனர் சங்கத்தார். குறை சொன்னவரைப் பகைவராக எண்ணாமல் வழிகாட்டியாக ஏற்ற அந்தப் பெருந்தன்மையே அச்சங்கத்தைக் காத்தது. நம் ஜமாஅத் கூட்டங்களில் குறை சொல்ல எழுபவர்க்கு நாம் அளிக்கும் வரவேற்பை எண்ணிப் பார்த்தால் இதன் அருமை விளங்கும்.

1907-இல் அவர்கள் மேற்கொண்ட முதற் பொதுப்பணி, நகர மன்றத்தின் அருகே பொதுக் கழிப்பிடம் அமைக்கும் முயற்சி. இதில் பெருமைக்கு என்ன இருக்கிறது என்று சிலர் நகைக்கக்கூடும். அன்று மது வணிகர்களும் பெருங்கடை முதலாளிகளும் அதனை எதிர்த்தனர். ஆடவர்க்கு மதுக்கடையில் அவ்வசதி உண்டு, பெண்டிர்க்குப் பெருங்கடைகளில் உண்டு என்பது அவர்கள் வாதம். கழிப்பிடம் தேடி மதுக்கடைக்குள் நுழைந்த ஏழைத் தொழிலாளி வெறுங்கையோடு வெளியே வருவானா? எளிய தேவையொன்றைக் கண்டறிந்து, செல்வாக்குள்ளோர் எதிர்ப்பைப் பொறுத்து, 1909-இல் அதனை நிறைவேற்றிக் காட்டினர்.

வாரக் கூட்டத்தின் ஒழுங்கு

ரோட்டரி கூட்டத்தின் நடைமுறை எளியது. குறித்த நாளில், குறித்த மணிக்குத் தலைவர் மணியடித்துத் தொடங்குவார். உணவு, அறிவிப்புகள், பிற ஊர் விருந்தினர் அறிமுகம், ஒரு பொருள் பற்றிய பேச்சு, சில கேள்விகள் ஆகியவற்றோடு முடியும். ஏறத்தாழ ஒரு மணி நேரம். தொடர்ந்து நான்கு கூட்டங்களுக்கு வாராதவர் உறுப்பினர் தகுதியை இழப்பார் என்பது பன்னெடுங் காலம் நடைமுறையில் இருந்த கடும் விதி. வெளியூர் சென்றவர் அவ்வூர்ச் சங்கத்தின் கூட்டத்தில் கலந்து கொண்டு வராமையை ஈடுசெய்து கொள்ளலாம். காலத்தின் நெருக்கடியை உணர்ந்து 2016-இல் இவ்விதிகள் தளர்த்தப்பட்டன.

1932-இல் ஹெர்பர்ட் டெய்லர் என்னும் வணிகர், நொடித்துப் போகும் நிலையிலிருந்த அலுமினியப் பாத்திர நிறுவனம் ஒன்றைத் தூக்கி நிறுத்த நான்கு கேள்விகளை வகுத்தார். நாம் எண்ணுவதும் சொல்வதும் செய்வதும் உண்மையா, எல்லார்க்கும் நீதியானதா, நட்பை வளர்ப்பதா, அனைவர்க்கும் பயன் தருவதா என்பன அவை. 1943-இல் ரோட்டரி இவற்றைத் தனதாக்கிக் கொண்டது. அளவையிலும் நிறுவையிலும் மோசம் செய்யாதே என்று பயின்ற வணிகச் சமுதாயமாகிய நமக்கு இக்கேள்விகள் புதியனவல்ல. அவர்கள் அவற்றைச் சுவரில் எழுதி மாட்டினர். நம்மிடம் இருப்பவை நம் கல்லாப் பெட்டியருகே நினைவுக்கு வருகின்றனவா என்பதே கேள்வி.

இந்திய மண்ணில் முதற் சங்கம் 1919-இல் கல்கத்தாவில் தோன்றியது. 1929-இல் சென்னையிலும், அதே ஆண்டில் கொழும்பிலும் சங்கங்கள் அமைந்தன. தொடக்கத்தில் ஐரோப்பியரின் ஆதிக்கமே மிகுந்திருந்தது. எனினும் 1962-இல் கல்கத்தாவின் நிதிஷ் லாஹரி உலக ரோட்டரியின் தலைவரானார். அப்பதவியை ஏற்ற முதல் ஆசியர் அவரே.

இருபத்தாறரை டாலர்

இனி, நிதி திரட்டிய கதைக்கு வருவோம். 1917-இல் அன்றைய தலைவர் ஆர்ச் கிளம்ப், உலக நன்மைக்கென நிலைநிதி ஒன்று வேண்டும் என்று முன்மொழிந்தார். 1918-இல் கன்சாஸ் நகரச் சங்கம் முதல் நன்கொடையை அனுப்பியது. தொகை 26 டாலர் 50 சென்ட்! 1928-இல் அது ரோட்டரி அறநிலையம் என்னும் பெயர் பெற்றது. 1947 ஜனவரியில் பால் ஹாரிஸ் மறைந்தபோது அவர் நினைவாக நன்கொடைகள் குவிந்தன. அவ்வாண்டே 18 மாணவர் அயல்நாட்டில் பயில உதவித்தொகை பெற்றனர்.

முதலைக் காத்து வருவாயை அறத்துக்குச் செலவிடும் முறை நமக்கு அந்நியமா? வக்ஃபு என்பது வேறென்ன? சோறு சமைக்கும்போதெல்லாம் ஒரு பிடி அரிசியைத் தனிப் பானையில் இட்டு, மதரஸாவுக்கு அனுப்பிய நம் தாய்மாரின் பிடியரிசி வழக்கம் அந்த 26 டாலருக்கு எவ்விதத்திலும் தாழ்ந்ததன்று. ஒன்று மட்டும் வேறுபாடு. அவர்கள் அச்சிறு தொகையைக் கணக்கில் எழுதினர், ஆண்டுதோறும் தணிக்கை செய்தனர், உறுப்பினர் அறிய வெளியிட்டனர். நம் வக்ஃபுச் சொத்துகள் எத்தனையோ, எல்லையும் குத்தகையும் அறிவார் இன்றிக் கைமாறிப் போயின.

சங்கங்கள் நிதி திரட்டும் வழிகள் பல. விளம்பரங்கள் தாங்கிய மலர் வெளியிடுவர், கலைநிகழ்ச்சி நடத்துவர், விருந்து நடத்துவர், சிலவிடத்துக் குலுக்கல் சீட்டும் விற்பர். கடைசியாகச் சொன்னது நமக்கு ஆகாது. நோக்கம் நல்லதாயினும் வழியும் தூயதாதல் வேண்டும் என்பது நம் மார்க்கம்.

இரண்டு சொட்டும் ஒரு வதந்தியும்

இந்த வரலாறு நம் சமுதாயத்தின் வாயிற்படியில் வந்து நின்ற கட்டம் ஒன்றுண்டு. அதுவே இக்கட்டுரையின் உயிர்.

1979-இல் பிலிப்பைன்ஸ் நாட்டில் 60 இலட்சம் குழந்தைகளுக்குப் போலியோ சொட்டு மருந்து அளிக்கும் பணியை ரோட்டரி ஏற்றது. அவ்வெற்றியால் ஊக்கம் பெற்று 1985-இல் உலகெங்கும் போலியோவை ஒழிக்கும் திட்டத்தைத் தொடங்கியது. 12 கோடி டாலர் திரட்ட எண்ணினர். திரண்டதோ 24 கோடிக்கும் மேல். 1988-இல் உலகச் சுகாதார நிறுவனமும் உலக நாடுகளும் இப்பணியில் இறங்கியபோது, 125 நாடுகளில் ஆண்டுக்கு மூன்றரை இலட்சம் குழந்தைகள் முடமாகிக் கொண்டிருந்தனர். இந்தியாவில் 1995-இல் நாடளாவிய சொட்டு மருந்து நாட்கள் தொடங்கின.

தென்னாடு முன்னேறியது. வடக்கே உத்தரப் பிரதேசம் பின்தங்கியது. 2002-இல் இந்தியாவில் 1,600 குழந்தைகளைப் போலியோ தாக்கியது. அவர்களில் பெரும்பாலோர் அம்மாநிலத்துக் குழந்தைகள். அவர்களுள் முஸ்லிம் குழந்தைகளின் பங்கு மக்கள்தொகைக்கு மிஞ்சியதாயிருந்தது. ஏன்? சொட்டு மருந்து நம் பிள்ளைகளை மலடாக்கும் என்றொரு வதந்தி மேற்கு மாவட்டங்களில் வீடு வீடாகப் பரவியிருந்தது.

அவ்வதந்தியை வெறும் அறியாமை என்று எள்ளி ஒதுக்குதல் நீதியாகாது. 1975 முதல் 1977 வரை நெருக்கடி நிலையின்போது கட்டாயக் கருத்தடை வடநாட்டு ஏழைகளை வேட்டையாடியது. 1976 அக்டோபரில் முசாஃபர்நகரில் அதனை எதிர்த்தோர்மீது துப்பாக்கிச் சூடு நடந்தது. அந்த வடு ஆறாத வீட்டுக் கதவைத் தட்டி, ‘அரசாங்க மருந்து, வாயைத் திற’ என்றால் தாய் அஞ்சமாட்டாளா? மேலும், ஒரு குழந்தைக்குத் திரும்பத் திரும்ப மருந்து கொடுக்க வேண்டியிருந்தது. நெருக்கமான குடியிருப்பும் ஓயாத வயிற்றுப்போக்கும் மருந்தின் பயனைக் குறைத்ததே காரணம். குடிநீர் கேட்டால் வராத அதிகாரி, கேளாத மருந்தை மட்டும் மாதந்தோறும் ஏன் கொண்டு வருகிறான் என்று மக்கள் ஐயுற்றனர். அந்த ஐயத்துக்கு அடித்தளம் இருந்தது. ஆனால் அதற்கு விலை கொடுத்தவை குழந்தைகளின் கால்கள்.

இந்நிலையில் மருந்துப் பெட்டியை மட்டும் நம்பியிராமல் மனிதரை நாடியது ரோட்டரி. உத்தரப் பிரதேசத்தில் உலமாக்கள் குழு ஒன்றை அமைத்தது. அலிகர் முஸ்லிம் பல்கலைக்கழகம், ஜாமியா மில்லியா, ஜாமியா ஹம்தர்த் ஆகியவற்றைச் சார்ந்தோரும் யுனிசெஃப் நிறுவனத்தின் முயற்சியில் துணை நின்றனர். பள்ளிவாசல் ஒலிபெருக்கிகள் சொட்டு மருந்து நாளை அறிவித்தன. ஆலிம்கள் வீடு வீடாகச் சென்றனர், தாங்களே குழந்தைகளின் வாயில் மருந்தைச் சொட்டினர். பல்லாண்டு அரசு விளம்பரங்களால் திறவாத கதவுகள் ஊரறிந்த ஓர் ஆலிமின் சலாத்துக்குத் திறந்தன.

பலனை எண்கள் சொல்லும். 2009-இல் இந்தியாவில் போலியோ தாக்கிய குழந்தைகள் 741. 2010-இல் 42. 2011-இல் ஒன்றே ஒன்று. 2011 ஜனவரி 13 அன்று மேற்கு வங்கத்து ஹௌரா மாவட்டக் குழந்தையொன்றுக்கு நோய் கண்டதே இந்நாட்டின் கடைசி நிகழ்ச்சி. 2014 மார்ச் 27-இல் இந்தியாவும் இலங்கையும் அடங்கிய தென்கிழக்கு ஆசியப் பகுதி போலியோ அற்றதென அறிவிக்கப்பட்டது. அல்ஹம்துலில்லாஹ்!

இதே வதந்தி 2003-இல் நைஜீரிய நாட்டின் கானோ மாநிலத்தில் மருந்தையே நிறுத்திவைத்தது. நோய் எல்லை கடந்து பல நாடுகளுக்குப் பரவிற்று. முஸ்லிம் நாடாகிய இந்தோனேசியாவில் செய்த மருந்து வந்த பின்னரே 2004-இல் அங்கு ஐயம் தணிந்தது. 2020-இல் ஆப்பிரிக்கா முழுவதும் காட்டுப் போலியோவிலிருந்து விடுபட்டது. இன்று அந்நோய் வேரூன்றி நிற்பவை பாகிஸ்தானும் ஆப்கானிஸ்தானுமே. இரண்டும் நம் சகோதரர் வாழும் நாடுகள் என்பதை எண்ணும்போது நெஞ்சு கனக்கிறது. பாகிஸ்தானில் மருந்து கொடுக்கச் சென்ற பெண்கள் பலர் சுட்டுக் கொல்லப்பட்டனர் என்பதும் நாம் மறக்கத் தகாத துயரம்.

குறையும் நிறையும்

ரோட்டரியைக் குறையற்ற சங்கமென்று நாம் கூறவில்லை. 1978-இல் கலிபோர்னியாவின் டுவார்ட்டே சங்கம் பெண்களைச் சேர்த்துக்கொண்டமைக்காக வெளியேற்றப்பட்டது. 1987-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்த பின், 1989-இல்தான் உலகெங்கும் பெண்டிர்க்கு வாயில் திறந்தது. செல்வர் மன்றம் என்னும் பேச்சும் உண்டு. கொடுக்கும் கையைவிடப் புகைப்படக் கருவி முந்தி நிற்கும் காட்சியையும் நாம் கண்டிருக்கிறோம். வலக்கை ஈவதை இடக்கை அறியாதிருத்தலே சிறப்பு என்று கற்ற நமக்கு அது உவப்பானதன்று. இச்சங்கம் இரகசியச் சங்கங்களின் கிளையோ என்று கத்தோலிக்கத் திருச்சபையினரும், நம் உலமாக்களில் சிலரும் ஐயுற்றதுண்டு. அதில் சேர்வதும் சேராதிருப்பதும் அவரவர் மனச்சான்றுக்கும் மார்க்க அறிஞர் ஆலோசனைக்கும் உரியவை.

ஆனால் அச்சங்கத்திடமிருந்து நாம் கற்பதற்கு அதில் சேர வேண்டுவதில்லை. குறித்த நேரத்தில் கூடுதல், குறை சொல்பவரை அணைத்தல், சிறு தொகைக்கும் கணக்கு வைத்தல், எடுத்த ஒரு காரியத்தைத் தலைமுறை கடந்தும் விடாதிருத்தல் ஆகிய நான்கும் போதும். ஜும்ஆ முடிந்தபின் பத்துப் பேர் அரைமணி நேரம் பள்ளியின் தாழ்வாரத்தில் அமரட்டும். மஹல்லாவில் தடுப்பூசி போடாத குழந்தை எது, பள்ளிக்கூடம் போகாத பிள்ளை எது, மருந்துக்கு வழியற்ற முதியவர் யார் என்று பெயர் எழுதட்டும். அடுத்த வெள்ளியன்று அந்த ஏட்டைத் திறந்து, எழுதியவற்றுள் எது முடிந்தது என்று கேட்கட்டும். வல்ல அல்லாஹ் அதற்கு நம்மை ஆளாக்கி அருள்வானாக!