ஏரியில் இறங்கிய காணிக்கை

திருப்பதி அருகே திருச்சானூரை ஒட்டி ஓடும் ஸ்வர்ணமுகி ஆற்றுக்குத் தமிழில் பொன்முகலி என்று பெயர். ஆண்டின் பெரும்பகுதி அது மணலாகவே கிடக்கும். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் வருகிற நீரைத் தேக்கி வைத்தால்தான் தை தாண்டியும் பயிர் நிற்கும். ஏரி இல்லாமல் இந்த வட்டாரத்தில் அன்று வேளாண்மை நிலைத்திருக்க முடியாது.

ஏரியை வெட்டுவதைவிடக் காப்பது கடினம். மண்கரை மழையில் கரையும், வரத்துக்கால் தூர்ந்துபோகும், மதகுக் கல் பெயர்ந்தால் தேங்கிய நீரெல்லாம் வீணாகும். ஆண்டுதோறும் ஆளும் பணமும் வேண்டும். விஜயநகரக் காலத்தில் அந்தப் பணத்துக்குத் திருமலைக் கோயில் ஒரு வழி கண்டது.

பெரும்பாலும் தமிழிலுள்ள திருமலைக் கல்வெட்டுகள் அந்த வழியைத் தெளிவாகவே சொல்கின்றன. பெருமாளுக்கு அமுதுபடி நடத்த விரும்பியவர் கோயில் கருவூலமான ஸ்ரீபண்டாரத்தில் நற்பணம் என்ற நாணயத்தைச் செலுத்துவார். கோயிலுக்குத் திருவிடையாட்டமாக, அதாவது கொடையாக, வந்த ஊர்களில் ஏரியும் கால்வாயும் வெட்ட அந்தப் பணம் செலவாகும். புதிதாகப் பாசனம் பெற்ற நிலத்தின் கூடுதல் வருவாயிலிருந்து அரிசியும் பயறும் நெய்யும் தளிகைக்கு வரும். படைத்த பிரசாதத்தில் நாலில் ஒரு பங்கு கொடுத்தவருக்கு உரியது. அதற்கு ‘விட்டவன் விழுக்காடு’ என்று பெயர். அதை அவர் யாத்ரிகர்களுக்குச் சோறிடும் ராமானுஜகூடத்துக்கே எழுதி வைக்கலாம். ஏரி கெட்டால் பெருமாள் தளிகையும் குறையும், கொடுத்தவர் பங்கும் குறையும். அதனால் கரையைப் பார்த்துக்கொள்ள எல்லோருக்கும் காரணம் இருந்தது. வெறும் தர்மத்தை நம்பிய ஏற்பாட்டைவிட இது உறுதியானது.

பணத்தைப் பெற்று உடன்படிக்கை எழுதித் தந்தவர்கள் கோயிலை நிர்வகித்த தானத்தார். அவர்களில் திருச்சுகனூர் சபையாரும் இருந்தனர். திருச்சானூரின் பழைய பெயர் அது. 1456 முதல் 1570 வரையான இந்தக் கல்வெட்டுகளை ஆராய்ந்த வரலாற்றாசிரியர் பர்டன் ஸ்டைன், கோயில் வேளாண்மையை வளர்த்த விதத்தை 1960இல் வெளிவந்த கட்டுரையில் விளக்கினார்.

நீரைத் தேக்கும் பணி கைங்கரியமாகவும் நடந்தது. ராமானுஜரின் சீடர் அனந்தாழ்வான் திருமலையில் நந்தவனத்துக்காக ஏரி வெட்டினார். கர்ப்பிணியான மனைவி மண் சுமந்தார். உதவ வந்த சிறுவனை அனந்தாழ்வான் கோபத்தில் கடப்பாரையால் அடித்தார் என்றும், அந்தக் காயம் பெருமாளின் மோவாயில் தெரிந்தது என்றும் மரபு சொல்கிறது. மோவாயில் பச்சைக் கற்பூரம் சாற்றுவது அதனால்தான். அந்தக் கடப்பாரை கோயிலின் பெருவாயிலில் இன்றும் தொங்குகிறது. திருச்சானூர்ப் பத்மசரோவரத்தையோ ஸ்ரீநிவாசனே வெட்டியதாகத் தலபுராணம் கூறும். தாமரை மலர வேண்டிப் பிரதிஷ்டை செய்த சூரியநாராயணர் கோயில் அதன் கரையில் இருக்கிறது. கார்த்திகைப் பஞ்சமி தீர்த்தத்தன்று பக்தர்கள் அந்தக் குளத்தில் முழுக்குப் போடுகிறார்கள்.

1565 தலைக்கோட்டைப் போருக்குப் பின் விஜயநகரம் நொடிந்தது. ஏரிக்குப் போன நற்பணமும் அருகியது. 1843இல் கோயில் நிர்வாகம் ஹாதிராம்ஜி மடத்துக்கும், 1933இல் திருமலை திருப்பதி தேவஸ்தானத்துக்கும் சென்றது. பின்னர் திருமலையில் கோகர்ப்பம், பாபவிநாசம் அணைகள் எழுந்தன. திருப்பதிக்குக் கல்யாணி அணையிலிருந்தும், தெலுங்கு கங்கைத் திட்டத்தின் கண்டலேறு நீர்த்தேக்கத்திலிருந்தும் நீர் வருகிறது.