ஹண்டர் சகோதரரும் தொப்புள்கொடியும்

தாயின் இரத்தமே தொப்புள்கொடி வழியாகச் சிசுவின் உடலுக்குள் நேரே பாய்கிறது என்று இரண்டாம் நூற்றாண்டில் காலென் என்னும் கிரேக்க வைத்தியர் எழுதி வைக்க, அவர் வாக்கையே பிரமாணமாகக் கொண்ட ஐரோப்பியப் பண்டிதர்கள் ஆயிரத்து முந்நூறு ஆண்டுகளுக்கு மேலாக அதை ஐயுறத் துணியவில்லை. 1564-இல் பொலோனா நகரத்து அரான்ஸி, தாயின் நாளங்களும் சேயின் நாளங்களும் ஒன்றோடொன்று கூடுவதில்லை என மறுத்தார். விவாதம் அதனாலும் ஓயவில்லை.

கொடியின் அமைப்பில் மர்மம் அதிகமில்லை. இரண்டடிக்குச் சற்றுக் குறைந்த அதனுள்ளே இரண்டு தமனிகளும் ஒரு சிரையும் ஓட, அவை நசுங்காதபடி சுற்றிலும் ஒரு பசை காக்கிறது. 1656-இல் அதை வர்ணித்த தாமஸ் வார்ட்டனின் பெயராலேயே இன்றும் அது வழங்குகிறது. பிறந்த பின், நுரையீரலுக்குச் செல்வன நீங்கலாக, நம் உடம்பின் தமனிகள் சுத்த இரத்தத்தைக் கொண்டுசெல்ல, இங்கே முறை மாறி, பிராணவாயுவும் போஷாக்கும் கலந்த இரத்தத்தைச் சிரை கொண்டுவருகிறது. கழிவைத் தமனிகள் திருப்பிச் சுமக்கின்றன. அவை கருப்பைச் சுவரில் ஒட்டியுள்ள நஞ்சுக்குள் சென்று முடியும் இடத்தில் நடப்பது என்ன என்பதே கேள்வி.

1754 மே மாதத்தில் லண்டனில், நிறைகர்ப்பிணியாக இறந்த ஒருத்தியின் கருப்பை நாளங்களில் மெக்கன்ஸி என்ற வைத்தியர் நிறமூட்டிய மெழுகைச் செலுத்திவிட்டு, பரிசோதிப்பதற்கு ஜான் ஹண்டரை அழைத்தார். இவர் தம் அண்ணன் வில்லியம் நடத்திய உடற்கூற்றுப் பள்ளியில் பணிபுரிந்தவர். அறுத்துப் பார்க்கையில், மெழுகு நஞ்சின் பஞ்சு போன்ற அறைகளில் பரவி நின்றதேயன்றிச் சிசுவின் நாளங்களுக்குள் புகவில்லை. இரு இரத்தங்களும் கலவாமல், இடையிலுள்ள மெல்லிய சவ்வின் ஊடே கொடுக்கல் வாங்கல் நடக்கிறது என்ற இன்றைய ஞானத்துக்கு அதுவே அஸ்திவாரம்.

வில்லியம் 1774-இல் 34 சித்திரங்களுடன் கர்ப்பப்பையைப் பற்றிய பெருநூலை வெளியிட்டார். சித்திரங்களில் பெரும்பாலானவற்றை வரைந்த ரைம்ஸ்டைக்குக்கு முகவுரையில் ஒரு நன்றிச் சொல்லும் கிடைக்கவில்லை. உடலாகக் கிடந்த பெண்களின் பெயரைக் கேட்பாரேது! 1780-இல், நஞ்சின் அமைப்பைக் கண்டவன் நானே என்று தம்பி ராயல் சொஸைட்டியில் கட்டுரை படிக்க, இல்லை, நானே என்று அண்ணன் கடிதம் எழுத, சபையார் இரண்டையும் அச்சிட மறுத்துவிட்டனர். ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள், தாய்க்கும் சேய்க்குமுள்ள தொடர்பை முன்னே கண்டவர் யார் என்று வழக்காடித் தம் தொடர்பை அறுத்துக்கொண்டார்கள். 1783-இல் காலமான வில்லியம், பிதிரார்ஜித நிலத்தைத் தம்பிக்கு வைக்காமல் சகோதரியின் மகன் மாத்யூ பெய்லிக்கு எழுதிவைக்க, அந்த நல்ல பிள்ளையோ அதை ஜானுக்கே கொடுத்துவிட்டான்.

என்னைக் கேட்டால், முதல் மரியாதை மெழுகைச் செலுத்திய மெக்கன்ஸிக்கே உரியது.