பெயரும் வழக்கும்: கிளாஸ்கோ நகர நிலக்கீழ்ப் புகையிரதம்

ஒரு நகரின் வரலாற்றை ஆட்சியாளரின் பதிவேடுகளில் மட்டுமன்றி, மக்கள் வழங்கும் பெயர்களிலும் தேடுதல் வேண்டும். ஸ்கொத்லாந்தின் கிளாஸ்கோ நகரத்து நிலக்கீழ்ப் புகையிரதம் இதற்குத் தக்க சான்றாகும்.

இலண்டன் (1863), புடாப்பெஸ்ற் (1896) ஆகியவற்றை அடுத்து உலகில் மூன்றாவதாக அமைந்த இப்பாதை, 1896 திசெம்பர் 14 ஆம் திகதி திறக்கப்பட்டது. ஏறத்தாழ ஆறரை மைல் நீளமான இவ்வட்டப் பாதை 15 நிலையங்களை இணைத்து, கிளைட் நதியின் அடியே இருமுறை செல்கின்றது. இதன் தண்டவாள இடைவெளி 4 அடி மட்டுமே. தொடக்கத்தில் வண்டிகளுக்கெனத் தனி இயந்திரம் இருக்கவில்லை. ஓரிடத்தில் நிறுவப்பட்ட நீராவிப் பொறிகள் இடையறாது ஓடச்செய்த கம்பிவடத்தைப் பற்றிக்கொண்டே அவை நகர்ந்தன.

இதனை அமைத்த கம்பனி இதற்கு இட்ட பெயர் 'சப்வே' என்பதாகும். இங்கிலாந்தில் இச்சொல் பாதசாரிகள் செல்லும் சுரங்க வழியையே பெரிதும் குறிக்கும். 1923 இல் மாநகரசபை இப்பாதையைப் பொறுப்பேற்றது. 1935 இல் மின்சாரம் புகுத்தப்பட்டது. 1936 இல் 'அண்டர்கிரவுண்ட்' என்பது உத்தியோகபூர்வப் பெயராயிற்று. இலண்டனில் 1908 முதல் பொதுப் பெயராக நிலைபெற்றிருந்ததும் அதுவே. எனினும் கிளாஸ்கோ மக்கள் 'சப்வே' என்றே தொடர்ந்து வழங்கினர்.

1977 இல் புனரமைப்புக்காக மூடப்பட்ட பாதை 1980 இல் பயணிகளுக்கு மீண்டும் திறக்கப்பட்டபோது, வண்டிகள் செம்மஞ்சள் நிறம் பெற்றிருந்தன. அதனால் எழுந்த 'குளொக்வேர்க் ஒறேஞ்ச்' என்னும் பட்டப்பெயர் பரவலாக அறியப்பட்டதாயினும், பழைய பெயரின் இடத்தை அதனாலும் பெற இயலவில்லை. ஈற்றில், 2003 இல் நிருவாகமே 'சப்வே' என்னும் பெயரை மீண்டும் ஏற்றுக்கொண்டது. 67 ஆண்டுகள் பெயர்ப்பலகையில் நின்ற சொல், பேச்சு வழக்கிடம் தோற்றது.

இதனை மக்கள் படைத்த பெயரின் வெற்றியெனக் கொள்வது பொருந்தாது. 'சப்வே' என்பதும் ஒரு கம்பனி இட்ட பெயரே. ஆயின், நாள்தோறும் வேலைக்குச் சென்று திரும்பியோர் நாவில் அது நாற்பது ஆண்டுகள் பயின்று, அவர்தம் உடைமையாகிவிட்டது. அதன்பின் அதனை மாற்றும் உரிமை ஆவணத்தில் இருந்ததேயன்றி, நடைமுறையில் எவரிடத்தும் இருக்கவில்லை. பெயரை இடும் அதிகாரமும் அதனை நிலைபெறச் செய்யும் ஆற்றலும் வெவ்வேறானவை என்பதே இவ்வரலாறு உணர்த்தும் உண்மையாகும்.