மக்கள் நீங்கிய தீவு

நகர வாழ்வின் ஆரவாரத்தில் சலிப்புற்றோர் இயற்கை எழிலையும் அமைதியையும் நாடிச் செல்லும் இடங்களுள், ஸ்காட்லாந்தைச் சேர்ந்த செயிண்ட் கில்டா தீவுக் கூட்டமும் ஒன்று. வட யூயிஸ்ட் தீவுக்கு மேற்கே ஏறத்தாழ 64 கிலோமீட்டர் தொலைவில், அட்லாண்டிக் மாகடலில் அது தனித்து நிற்கிறது. செங்குத்தான பாறைகளும், அவற்றில் இலட்சக்கணக்கில் கூடும் கடற்பறவைகளும் காண்போர் உள்ளத்தைக் கவர்வன. ஆயினும், அங்கு நிலவும் அமைதிக்கு ஒரு வரலாறு உண்டு.

அத்தீவுகளுள் பெரியதான ஹிர்ட்டாவில் பன்னூறு ஆண்டுகளாக மக்கள் வாழ்ந்தனர். 1697-இல் அங்குச் சென்ற மார்ட்டின் மார்ட்டின் என்பார், ஏறத்தாழ 180 பேர் இருந்ததாக எழுதினார். கேலிக் மொழி பேசிய அம்மக்கள், கயிற்றைப் பற்றிப் பாறைகளில் இறங்கிப் பறவைகளையும் முட்டைகளையும் எடுத்தனர். இறைச்சி உணவாயிற்று, எண்ணெய் விளக்கெரித்தது, இறகு நிலவுடைமையாளருக்குக் குத்தகையாகச் சென்றது. காலையில் ஆடவர் ஒன்றுகூடி அன்றைய வேலையை முடிவு செய்தனர்.

இத்தகைய வாழ்வு குலைந்தது ஏன்? ஒரே காரணம் கூறுதல் பொருந்தாது. 1852-இல் 36 பேர் ஆஸ்திரேலியாவுக்குக் கப்பலேறினர். அவருள் பலர் வழியிலேயே மாண்டனர். அந்நூற்றாண்டில் பிறந்த குழந்தைகள் பல, இசிவு நோயால் சில நாட்களிலேயே இறந்தன. பின்னர்ச் சுற்றுலாக் கப்பல்கள் வந்தன. அமைதியைத் தேடி வந்தோர் தீவு மக்களையே காட்சிப் பொருளாகக் கண்டு சென்றனர். அவர்கள் வழியே பணமும் வெளியுலக நாட்டமும் புகுந்தன. முதல் உலகப் போருக்குப்பின் இளைஞர் பலர் வெளியேறவே, எஞ்சியோரால் கடின வேலைகளைச் செய்ய இயலவில்லை.

1930 மே திங்களில், தங்களை வெளியேற்றுமாறு அவர்களே அரசுக்கு விண்ணப்பித்தனர். ஆகஸ்டு 29-ஆம் நாள், எஞ்சிய 36 பேரும் 'ஹேர்பெல்' என்னும் கப்பலில் நீங்கினர். வீடுகளில் விவிலியத்தைத் திறந்து வைத்துச் சென்றனர் என்பர். மரமே இல்லாத தீவில் பிறந்த அவ்வாடவருள் சிலருக்குப் பெருநிலத்தில் கிடைத்தது காடு வளர்க்கும் வேலை!

1986-இல் அத்தீவுகளின் இயற்கை வளத்துக்காக யுனெஸ்கோ அவற்றை உலகப் பாரம்பரியச் சின்னமாக ஏற்றது. மக்கள் விட்டுச் சென்ற பண்பாட்டுக்கும் அச்சிறப்பு 2005-இல்தான் கிட்டியது. எட்டு வயதுச் சிறுமியாக வெளியேறி, அவருள் இறுதிவரை எஞ்சியிருந்த மூதாட்டி 2016-இல் மறைந்தார். இன்று அங்கு நிலையான குடிகள் இல்லை. பணியின் பொருட்டுத் தங்குவோரே உளர். தீவின் அழகை மாணவர்க்கு எடுத்துரைக்கும் ஆசிரியர், கூரையிழந்து நிற்கும் அவ்வீடுகளையும் சேர்த்தே காட்டுதல் வேண்டும்.