சேதுபதி அவை முதல் பள்ளி நூலகம் வரை: சிருங்கார எழுத்தும் அதற்கு எழுந்த எதிர்ப்பும்

இராமநாதபுரம் அரண்மனையின் இராமலிங்க விலாசம் இன்று தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ளது. அதன் சுவர்களில் இராமாயணக் காட்சிகளும் மராத்தியரோடு நடந்த போரும் ஐரோப்பியர் சேதுபதியைச் சந்திப்பதும் 18-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தீட்டப்பட்டன. மன்னர் பெண்களோடு இருக்கும் சிருங்காரக் காட்சிகளும் அவற்றில் உண்டு. பள்ளிப் பிள்ளைகளும் வந்து பார்த்துச் செல்கிறார்கள். இதே பொருள் நூலாகிப் பள்ளி அலமாரியில் இருந்தால் மட்டும் சர்ச்சை எழுவது ஏன்? நூலில் என்ன இருக்கிறது என்பதைவிட, அதை யார் படிக்கிறார் என்பதே எதிர்ப்பைத் தீர்மானித்து வந்திருக்கிறது என்பது இக்கட்டுரையின் துணிபு.

திருமலை ரகுநாத சேதுபதியின் (1645–1676) மீது பொன்னாங்கால் அமிர்தகவிராயர் பாடியது ஒருதுறைக் கோவை. அகத்துறைகளை வரிசையாகப் பாடிச் செல்வது கோவையின் வழக்கம். இவரோ ‘நாணிக் கண்புதைத்தல்’ என்ற ஒரே துறையில் 400 செய்யுள் இயற்றினார். நாணத்தால் தலைவி கண்களைப் பொத்திக்கொள்கிறாள். கண்ணை மட்டும் மறைத்தால் போதுமா, என்னை வருத்தும் மற்ற உறுப்புகளை என்ன செய்வாய் என்ற போக்கில் தலைவன் பேசுகிறான். இந்த உடல் வருணனை அன்று புலமையின் உச்சமாகக் கொண்டாடப்பட்டது. கேட்டவர்கள் மன்னரும் புலவரும் அவையோரும்தான்.

அச்சு வந்ததும் அவையின் கதவு திறந்துவிட்டது. காசு கொடுத்தவர் எவரும் படிக்கலாம் என்றானது. ஆபாச நூல்களைத் தண்டனைக்குரியதாக்கிய 1860-ஆம் ஆண்டின் இந்திய தண்டனைச் சட்டம், கோயில் சிற்பங்களுக்கு விலக்கு அளித்தது. காதல் காவியத்துக்கு அந்தச் சலுகை இல்லை. அதன் அடியை வாங்கியது, தஞ்சை அரசவையின் முத்துப்பழனி 18-ஆம் நூற்றாண்டில் தெலுங்கில் எழுதிய ‘ராதிகா சாந்த்வனமு’. பெங்களூர் நாகரத்தினம்மாள் 1910-இல் அதைப் பதிப்பித்தார்; 1911-இல் சென்னை மாகாண அரசு தடுத்தது. ஆண் புலவர்கள் இதைவிட வெளிப்படையாக எழுதியபோது வாய்மூடி இருந்தவர்கள், தேவதாசி மரபில் வந்த பெண் எழுதியதும் கொதிப்பது என்ன நியாயம் என்பதே நாகரத்தினம்மாள் எழுப்பிய கேள்வியின் சாரம். அதற்கு எதிர்த்தரப்பில் எவரும் நேர்மையான விடை தந்ததாக நான் கருதவில்லை. தடை நீங்க 1947 ஆகிவிட்டது.

இளம் வாசகர் சட்டத்துக்குள் தனியாக வருவது 1925-இல். ஆபாசப் பொருளை 20 வயதுக்கு உட்பட்டவருக்கு விற்பதற்கு அவ்வாண்டுத் திருத்தம் தனிப் பிரிவே வகுத்தது. இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதா அந்த இடத்தில் ‘குழந்தை’ என்கிறது. அதாவது 18 வயதுக்கு உட்பட்டவர்.

எதிர்ப்பைப் பழமைவாதிகளின் தலையில் மட்டும் சுமத்துவது வரலாற்றுக்குப் பொருந்தாது. 1939-இல், அன்றைய இராமநாதபுரம் மாவட்டத்துக் காரைக்குடியில் சா. கணேசன் கம்பன் கழகத்தைத் தொடங்கினார். சில ஆண்டுகளில் அண்ணாவின் ‘கம்பரசம்’ வந்தது. கம்பனின் உடல் வருணனைப் பாடல்களைப் பொறுக்கி எடுத்து, இதையா பக்தி நூல் என்கிறீர்கள் என்று கேட்டது. 1943-இல் இராமாயண எதிர்ப்பை முன்வைத்து அண்ணா, ரா.பி. சேதுப்பிள்ளையோடும் சோமசுந்தர பாரதியோடும் மேடையேறி வாதிட்டார். அவருடைய நோக்கத்தை மதிக்கிறேன். ஆனால் முழு நூலிலிருந்து பாடல்களைப் பிய்த்தெடுத்துத் தீர்ப்புக் கூறும் முறையை ஏற்க முடியவில்லை. அதே முறைதான் பிறகு வேறு கைகளுக்குப் போனது.

பெருமாள்முருகனின் ‘மாதொருபாகன்’ 2010-இல் வெளிவந்தது. திருச்செங்கோட்டில் எதிர்ப்பு வெடித்தது 2014 டிசம்பரில்தான். குழந்தையில்லாப் பெண் திருவிழா இரவில் வேற்று ஆணைக் கூடுவது பற்றிய பக்கங்கள் நகலெடுக்கப்பட்டுக் கைக்குக் கை மாறின. 2015 ஜனவரியில் நாமக்கல் மாவட்ட வருவாய் அலுவலர் முன்னிலையில் நடந்த பேச்சில் எழுத்தாளர் ஓர் உடன்பாட்டுக்குப் பணிய வைக்கப்பட்டார். 2016 ஜூலை 5 அன்று சென்னை உயர் நீதிமன்றம் அந்த உடன்பாடு எவரையும் கட்டுப்படுத்தாது என்றது; இத்தகைய பிணக்குகளை ஆராய வல்லுநர் குழு வேண்டும் என்றும் சொன்னது.

பள்ளிகளுக்கு இந்தக் கடைசிக் கருத்துதான் முக்கியம். தனி நூலகர் இல்லாத பள்ளியில் பீரோச் சாவி ஓர் ஆசிரியரிடம் இருக்கும். ஒரு பெற்றோர் குரலுயர்த்தினால், வம்பு எதற்கு என்று அவர் புத்தகத்தை எடுத்துவிடுவது எளிது. அதற்குப் பதிவும் இருக்காது, காரணமும் இருக்காது. அமெரிக்காவில் 1982-இல் பிகோ வழக்கில், கருத்து பிடிக்கவில்லை என்பதற்காக மட்டும் பள்ளி வாரியம் நூலை அகற்றலாகாது என்று உச்ச நீதிமன்ற நீதிபதிகள் சிலர் எழுதினர். அங்கே பல பள்ளிகளில் புகாரை எழுத்தில் வாங்கி, குழு முழு நூலையும் படித்த பிறகே முடிவெடுக்கிறார்கள்.

எந்த வயதுக்கு எந்த நூல் என்று கேட்கும் உரிமை பெற்றோருக்கு உண்டு. ஏழாம் வகுப்புக்கும் பன்னிரண்டாம் வகுப்புக்கும் ஒரே தட்டு வைக்கச் சொல்லவில்லை. ஆனால் தன் உடலைப் பற்றிப் பேசச் சொல் இல்லாத பிள்ளை, தனக்கு நேர்ந்த தீங்கையும் சொல்ல முடியாமல் தவிக்கும். ஆகவே பள்ளிக் கல்வித் துறை, எழுத்துப்பூர்வமான புகார், முழு வாசிப்பு, காரணத்தோடு கூடிய முடிவு ஆகிய மூன்றையும் விதியாக்க வேண்டும். அதுவரை எந்த நூலும் தட்டை விட்டு இறங்கக் கூடாது.